கழற்றச் சொன்னது அவர்தான்

எர்த் கம்பியை மழை விட்ட கையோடு இறக்கிவிட வேண்டும். மண் அப்போதுதான் சொன்ன பேச்சைக் கேட்கும். வெயில் ஏறியபின் அடித்தால் சம்மட்டிதான் தேயும், கம்பி இறங்காது. மச்சானின் வண்டி கழுவும் கூடத்துக்கு நான் கம்பி இறக்கியது அப்படி ஓர் ஈரமான வாரத்தில்தான். செம்பு பூசிய நல்ல கம்பி. ஒன்று போதும் என்றார்கள். நான் இரண்டு இறக்கினேன்.

நீங்கள் கேட்டது மச்சான் எப்படி இறந்தார் என்று. இவன் ஏன் மண்ணைப் பற்றிச் சொல்கிறான் என்று தோன்றலாம். எதையும் அடியிலிருந்து தொடங்குவது என் பழக்கம் ஐயா.

நான் எலக்ட்ரீஷியன். கல்யாணமானதிலிருந்து மனைவி வீட்டிலேயே இருக்கிறேன். மச்சான் என்பது மனைவியின் அண்ணன். வீட்டை ஒட்டிய கூடத்தில் கார், வேன் கழுவிக் கொடுப்பது அவர் தொழில். அங்கே வயரிங் முழுக்க என் கைவேலை. எப்போதும் தண்ணீர் நிற்கிற இடம் என்பதால் ஒரு டிரிப்பரும் மாட்டினேன். அது எளிமையான சாதனம். போன கரண்ட் அவ்வளவும் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். துளி குறைந்தாலும், அது யாரோ ஒருவர் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டு, கண் மூடித் திறப்பதற்குள் அணைத்துவிடும். சந்தேகப்படுவதுதான் அதன் வேலை.

கொஞ்ச நாளில் அது அடிக்கடி விழ ஆரம்பித்தது. சோப்பு நுரையோடு கார் நிற்கும், பம்பு நின்றுவிடும். சொந்தக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மச்சானுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த சுவிட்சுக்கு 'மாப்பிள்ளை' என்றே பெயர் வைத்துவிட்டார்.

"மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாரு. போய்த் தூக்கி விடுங்கப்பா" என்பார். வந்தவர்கள் புரியாமல் பார்த்தால் என்னைக் காட்டி விளக்கமும் சொல்வார். "எங்க மாப்பிள்ளை பாத்துப் பாத்து வாங்கி மாட்டுனதுங்க. அவரை மாதிரியேதான். ஒரு சொல் தாங்காது, பொசுக்குனு மூஞ்சியத் தூக்கிக்கும்."

மாமனார் சிரிப்பார். ஒரு நாள் என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது நல்ல நகைச்சுவைதான், நான் மறுக்கவில்லை.

டிரிப்பரில் பழுதில்லை, பம்பின் காயிலில் ஈரம் ஏறிக் கரண்ட் கசிகிறது, கழற்றி மறுபடி சுற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். சாப்பிடும்போது ஒருமுறை, மாமனார் எதிரில் ஒருமுறை. அதற்குக் கூடத்தை மூட வேண்டியிருக்கும் என்றதும் மச்சான் தட்டைத் தள்ளிவைத்தார்.

"பம்பு நல்லாத்தான்யா ஓடுது. உன் சுவிட்சுதான் நொண்டுது. வேலியில போறதை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா இருக்கு. அதக் கழட்டு முதல்ல."

கழற்றினேன். அவர் சொத்து, அவர் சொல். இடையில் எதுவும் இல்லாமல் நேராக இணைத்துக் கொடுத்தேன். அன்று முழுக்கப் பம்பு நிற்கவேயில்லை. என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "பாத்தியா, வேலைன்னா இது" என்றார். அந்த வீட்டில் என் வேலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

கசிகிற கரண்ட்டை எர்த் மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும், அது இருக்கிறவரை பாதி பயம்தான் என்று அப்போது நினைத்தேன். பிறகு மச்சான் கூடத்தை அகலப்படுத்தித் தரைக்குச் சிமெண்டு போட்டார். எர்த் கம்பிகளின் தலை சக்கரத்துக்கு இடிக்கிறது என்று அவர் சொல்ல, வேலையாட்கள் அதை அறுத்து, மேலேயே கலவையைக் கொட்டியிருக்கிறார்கள். நான் வேலை முடிந்து திரும்பி வந்தபோது எர்த் ஒயரின் வெட்டுப்பட்ட முனை சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. டேப் சுற்றி, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் தெரியாதபடி செருகினேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு.

யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். என் மனைவியிடமும் மகளிடமும், கூடத்துப் பக்கம் போகாதீர்கள், புதுத் தரை வழுக்குகிறது என்று சொன்னேன்.

அதன் பிறகு தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும்முன், கரண்ட் எவ்வளவு கசிகிறது என்று பம்பின் உடம்பில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பேன். முதலில் டெஸ்டரின் விளக்கு எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பிறகு நின்றபடியே தெரிந்தது. ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு நாளும் தவறவில்லை.

அத்தனை நாளும் மச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், அவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுகிறவர். அதில் ஒன்று குதிகாலில் பிளந்துகொண்டது. ஒட்டக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது நானே வாங்கிக்கொண்டு போனேன். மறுநாளே தயார் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். எனக்கு அந்தப் பக்கம் வேலை அமையவில்லை. வீட்டில் கேட்டபோது, பசை காயவில்லையாம் என்றேன். நான் அங்கே சொன்ன ஒரே பொய் அதுதான்.

பூட்ஸ் கடையிலேயே கிடந்த ஒரு நாள் மதியம், ஒரு வேன் நுரையோடு நின்றது. மச்சான் வெறுங்காலோடு தண்ணீரில் நின்று, பம்பைக் கொஞ்சம் நகர்த்தக் கைப்பிடியைப் பற்றினார். நான் வாசலருகில் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் உடம்பு விறைத்தது. கை விடவில்லை. பம்பு ஓடிக்கொண்டேயிருந்தது, அதனால் வெளியே யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

மெயினை இறக்கியது நான் இல்லை. என் மனைவி வீட்டுக்குள்ளிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்து, என்னை இடித்துத் தள்ளிவிட்டு இறக்கினாள். அவளுக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்தப் பிடியை இழுப்பது என்றுகூடத் தெரியாமல் எல்லாவற்றையும் இழுத்தாள். அவள் உங்களிடம் சொன்னது சரிதான்: என் கை ஏற்கெனவே அந்தப் பிடியின்மேல் இருந்தது. அன்றிரவு அதை மட்டும்தான் அவள் கேட்டாள்.

"கை அங்கதானே இருந்துச்சு?"

பதில் சொன்னாலும் அவளுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும். நான் கொலை செய்யவேண்டும் என்று நினைக்கிறவன் இல்லை ஐயா. டிரிப்பரைக் கழற்றியது அவர் சொல்லி. கம்பியை அறுத்தது அவர் ஆட்கள். நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை. மாப்பிள்ளை, அணைங்க என்று ஒரு வார்த்தை. கரண்ட் பிடித்தவனுக்குத் தாடை பூட்டிக்கொள்ளும், குரல் எழும்பாது என்பது இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடமே எங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கும் தெரியும். இருந்தும் கேட்பார் என்று நின்றேன்.

அவர் கடைசிவரை கேட்கவேயில்லை. அவ்வளவு பிடிவாதம்.