ஒரே பாறையில் ஏராளம்

கைத்தடியும் கையுமாகக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் முவாகியோ அவர்களே, தொட்டி கட்ட இடம் குறித்து வந்திருக்கும் தண்ணீர்க் குழுப் பெரியோர்களே, தண்ணீர்க் கேனை இறக்கிவைத்த கையோடு வந்து வெயிலில் நிற்கும் தாய்மார்களே, கென்ய நாட்டுத் தைத்தா மலைகளில் ஐந்தாம் மலையாம் எங்கள் இசாரு மலையின் மக்களே, உங்கள் எல்லோர் முன்னும் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

நான் இங்கே மருமகளாக வந்து நான்கு வருடம். செடிகொடிகளைப் படித்தவள் என்றுதான் போன வருடம் வனத்துறையின் கேள்வித்தாளை என் கையில் கொடுத்தீர்கள். அதில் நான் ஒரு தவறு எழுதினேன். அதைத் திருத்தவே மேடை ஏறினேன்.

ஓடை பிறக்கும் பாறையில் மழைக்காலம் முழுக்க ஊதாவாகப் பூக்கிறதே, பாறைத்தும்பை, அது உங்கள் மலையில் எவ்வளவு என்பது முதல் கேள்வி. போய்ப் பார்த்தேன். கால் வைக்க இடமில்லை. ‘ஏராளம்’ என்று எழுதினேன். பொய்யா? இல்லை. மற்ற மலைகளில் உண்டா என்பது இரண்டாம் கேள்வி. முகோய் அக்காவைக் கேட்டேன். அதோ, சிரிக்கிறார்.

“அக்கா, எதிர் மலையில இந்தச் செடி இருக்கா?”

“ஏன் இல்லாம? அவங்க என்ன கொறஞ்சா போயிட்டாங்க?”

“நீங்க பாத்திருக்கீங்களா?”

“பாத்துதான் சொல்லணுமா? நம்மகிட்ட இருக்கறது அவங்ககிட்ட இல்லன்னு என் வாயால சொல்லுவேனா? பொண்ண அங்க கட்டிக் குடுத்திருக்கேன்டி.”

நம் வழக்கம் அது. அடுத்த மலையை இல்லாத மலை என்று நாம் சொல்லமாட்டோம். நல்ல வழக்கம்தான். அதை நம்பி ‘ஐந்து மலைகளிலும் உண்டு’ என்று எழுதிவிட்டேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் பாறையை உடைத்துத் தொட்டி கட்ட அனுமதி வந்தது.

மனது கேட்கவில்லை. மகள் நியாம்புவை முதுகில் கட்டிக்கொண்டு மற்ற நான்கு மலைகளும் ஏறினேன். போன இடமெல்லாம் கிழங்கும் பயறும் மசித்த கிமங்கா கொடுத்தார்கள். போன இடமெல்லாம் ஒரே பதிலையும் கொடுத்தார்கள்: “இங்க இல்லம்மா. அடுத்த மலையில கட்டாயம் இருக்கும்.” கடைசி மலையில் ஒரு பெரியவர் சொன்னார்: “இசாரு மலையில போய்ப் பாரு தாயி.”

சிரியுங்கள். நானும் சிரித்தேன், பாதி வழி இறங்கும்வரை.

உண்ணிச்செடி எங்கே இல்லை? எங்கும் இருப்பது பெரும்பாலும் எங்கும் நிறையவே இருக்கும். இங்கே வேரோடு பிடுங்கினால் அங்கிருந்து விதை வரும். பருந்து எங்கும் உண்டு, ஆனால் எங்கும் ஒன்றிரண்டுதான். ஒன்று போனால் வேறொன்று வந்து அந்த வானத்தைப் பிடித்துக்கொள்ளும். பாறைத்தும்பை? எண்ணினால் ஆயிரம், இடத்தைப் பார்த்தால் ஒன்று. எழுபது அடிப் பாறை. காய் வெடித்தால் விதை நாலடி தள்ளி விழும், மலை தாண்டாது. ஆயிரம் இருப்பது எப்படி அரிதாகும் என்று கேட்கிறீர்களா? அந்த ஆயிரமும் பாறைக்கு வைக்கும் ஒரே வெடியில் போய்விடும் என்றால், அது அரிதுதான். அழிவுக்கு அது ஒரே ஒரு காலைப்பொழுது தூரத்தில் இருக்கிறது.

என்ன மகங்கா அண்ணே, உரக்கக் கேளுங்கள்.

“பூவக் குடிச்சா உன் பொண்ணுக்குத் தாகம் தீருமா, நியாம்பு அம்மா?”

தீராது அண்ணே. கீழோடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு என் மகள் போன மாதம் ஆறு நாள் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தாள். மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே விரல் வைத்து வைத்துப் பார்த்தவள் நான். தொட்டி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

தொட்டி வேண்டும். நூற்றிருபது அடி கீழே, காட்டத்தி மரத்தடியில் வேண்டும். கொத்தனார் அளந்துவிட்டார். அங்கே கட்டினால் மேட்டுத் தெருவின் ஏழு வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் ஏறாது. மறைக்கவில்லை. அந்த ஏழில் ஒன்று என் வீடு. கீழ்க்குழாய்வரை நான் இறங்கி ஏறுகிறேன். மற்ற ஆறு வீடுகளுக்காக நான் முடிவு சொல்ல முடியாது. அவர்கள் கை தூக்கினால் தாளைத் திருத்துவோம். தூக்காவிட்டால் பாறையை உடையுங்கள்.

முகோய் அக்கா தூக்கிவிட்டார். என்ன அக்கா?

“எறங்கி ஏறத்தானே காலு. எழுதிக்கோடி.”

இரண்டு, மூன்று. அந்தப் பக்கம் நான்கு, ஐந்து. மகங்கா அண்ணே, உங்கள் வீடும் மேட்டில்தான்.

“தொட்டிக்குத்தான் தூக்கறேன். பூவுக்கு இல்ல.”

எதற்குத் தூக்கினாலும் கை கைதான் அண்ணே. ஆறு.

திருத்திய தாளைப் படிக்கிறேன். மலை: இசாரு. எவ்வளவு: ஏராளம். வேறு மலைகளில்: இல்லை.

நான்கு மலைச் சம்பந்திகளும் பொறுத்துக்கொள்ளட்டும். ‘பேச்சு போதும்’ என்று கைத்தடியைத் தட்டாமல் காத்திருந்த தலைவருக்கும், கை தூக்கிய ஆறு வீடுகளுக்கும், அழும் என் மகளைத் தோள் மாற்றித் தோள் மாற்றி வைத்திருந்த தாய்மார்களுக்கும் நன்றி சொல்லி இறங்குகிறேன், வணக்கம்.