பன்றியின் இடது காது

என் பெயர் தபீத்தா கிரீல். வயது பதினாறு. கென்டக்கி மாநிலம் மேப்பிள் ஓடை என்ற ஊரில் இருந்த, காலஞ்சென்ற ஜோப் கிரீலின் மகள். அம்மா இறந்த வருடம் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். நீதிமன்றத்தை அவமதித்ததாகக் கைதாகி, 1854 பிப்ரவரியில் ஷெரிப் முன்பாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பன்றிகள் காட்டில் மேயும். காதில் வெட்டிய அடையாளத்தை வைத்துத்தான் யாருடையது என்று சொல்வோம். எங்களுக்கு இடது காதில் பிளவு. அடுத்த நிலத்து ஹார்லன் டேட்டுக்கு வலது காதில். பன்றியைப் பின்னால் நின்றுதான் ஓட்டுகிறோம். ஆகவே இடது என்றால் பன்றிக்கு இடது.

நான் பிறப்பதற்கு முன் என் அப்பா மேல் பன்றித் திருட்டு வழக்கு வந்தது. அப்போது வக்கீலாயிருந்த லைசாண்டர் போக் அவருக்காக வாதாடினார். எதிர் வக்கீல் பன்றியின் முகத்துக்கு நேரே நின்று இடது வலது பார்த்தபோது, போக் ஜூரிகளுக்கு முதுகைக் காட்டி நாலு காலில் நின்று, "இப்ப நான்தான் பன்னி. என் இடது காது எதுன்னு என்னைத்தானே கேக்கணும்?" என்றார். அப்பா விடுதலையானார். அதன் பிறகு தேர்தல் கூட்டம்தோறும் அந்தக் கதையைச் சொல்லியே போக் சட்டசபைக்குப் போனார். பன்றித் திருட்டுக்கு இரண்டு வருடம் சிறை என்று அங்கே சட்டம் கொண்டுவந்தார். அதன் பிறகு நீதிபதியானார். அவர் மகளை ஹார்லன் டேட் கட்டிக்கொண்டார்.

டிசம்பரில் என் அண்ணன் ஈனக் எங்கள் பன்றியை அடித்து உப்பில் போட்டான். அது தன்னுடையது என்று டேட் வழக்குப் போட்டார். அண்ணன் உள்ளே போனால் வசந்தத்தில் உழ ஆள் கிடையாது.

இன்று அந்த உப்புப்போட்ட தலையை, முகம் ஜூரிகளைப் பார்த்திருக்கும்படி மேசையில் வைத்தார்கள். நீதிபதி போக் ஜூரிகளிடம், "நேரா பாத்துச் சொல்லுங்க. உங்க வலது கைப்பக்கம் இருக்கறதுதான் வலது காது" என்றார்.

நான் கூட்டத்தில் பேசிப் பழகாதவள். எழுந்து நின்றேன். "புள்ளைக்கு வெளிய போகணும்போல" என்று டேட் சொல்ல, சிலர் சிரித்தார்கள். அதன் பிறகு நான் முன்னால் போய், நீதிபதிக்கு முதுகைக் காட்டி நாலு காலில் நின்று, என் இடது காதைப் பிடித்துக்கொண்டு, "இது எந்தக் காதுங்கய்யா?" என்று கேட்டேன்.

"இந்தக் கழுதைய வெளிய தள்ளுங்க" என்றார் நீதிபதி.

"கழுதை இல்லீங்க, பன்னி. எங்கப்பாவுக்காக நீங்க நின்ன அதே பன்னி" என்றேன்.

அதன் பிறகு என்னை இங்கே கொண்டுவந்தார்கள். பிளவு இருந்தது வலது காதில்தான், புத்தி தடுமாறி அப்படிச் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டால் இப்போதே வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நீதிபதி ஆள் அனுப்பினார். "போட்டுட்டுப் போயிடு கண்ணு, உனக்கெதுக்கு வம்பு" என்று ஷெரிப்பும் சொன்னார். அந்தக் காகிதத்தில் போட மாட்டேன். ஜூரிகள் இன்னும் முடிவு சொல்லவில்லை.

இதில் சொன்னதெல்லாம் நடந்தது. இடது என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் இடது என்றே ஷெரிப் எழுதியிருப்பதை நானே ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

தபீத்தா கிரீல்