வாட்ச்மேனோட குரல்

அந்த நாற்காலியில உட்காராதீங்க சார், கால் ஆடும். போன மாசம் கேஸ் சிலிண்டர்காரரு விழுந்துட்டாரு. இதுல உட்காருங்க. அப்பாவா? குளிக்கிறாரு. உள்ள போனாருன்னா அரை மணி நேரம் ஆகும். அம்மாவும் வேலைக்குப் போயாச்சு, அதனால உங்களுக்கு நான்தான் கிடைச்சேன்.

நீங்க எடுத்த படத்தைப் பத்தி ஜனங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டீங்கல்ல? பத்திரிகையில எழுதினதெல்லாம் விடுங்க. நான் மூணு வாரமா தியேட்டர் வாசல்லயே நின்னு பொறுக்கின சரக்கு. அவங்கவங்க குரல்லயே தர்றேன்.

முதல்ல சைக்கிள் ஸ்டாண்டு பெரியவர். எல்லாம் மூக்காலதான் வரும். தம்ம்பி, ரெண்டு மணி நேரமும் ஒரே வீட்டையே காட்டுறான், வீட்டுக்காரன் விக்கப் போறானா? சிரிங்க சார், பரவால்ல. ஒரு வீடுதானே நமக்குக் கிடைச்சுது.

அடுத்து எங்க மாடி வீட்டு டீச்சர். டாக்டர்தான் கொலைகாரன்னு சொன்னதும் எனக்கு மனசே ஆறலைப்பா. அவரு கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு, அப்படி எழுதுறவரு கொலை பண்ணுவாரா? அப்புறம் கடைசி வரிசையில ஒரு ஜோடி. அவங்க படமே பாக்கல, அவங்க கருத்தை விட்டுடுவோம்.

என்ன சத்தமா? ஸ்பூன் சார். சமையல்கட்டுக்குள்ள ஒரு பூனை வந்து போயிட்டு இருக்கு.

யாரு எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில வாட்ச்மேன்கிட்டதான் வந்து நிக்கிறாங்க. அதா நடிச்ச எங்கப்பாகிட்ட. பதினேழு வருஷமா கோர்ட்டு சீன்ல பின் பெஞ்சு, பஸ் சீன்ல ஜன்னலோரம். முதுகு மட்டும்தான் படத்துல வரும். நானும் அம்மாவும் அந்த முதுகைக் கண்டுபிடிச்சு விசிலடிப்போம். நீங்கதான் சார் அவரு மூஞ்சியைக் காட்டி, பேசவும் விட்டீங்க.

எங்க தெருவுல ஒரு தையல்கார அக்கா இருக்காங்க, இன்டர்வெல்லயே என் சட்டையைப் பிடிச்சுட்டாங்க. ஏய், போன்ல மிரட்டுறவனும் இந்த வாட்ச்மேனும் ஒரே குரலு, ஒரே ஆளுடா! டாக்டரை மாட்டி விட்டுட்டு இவன் கேட்டைச் சாத்திட்டு நிக்கிறான் பாரு! அவங்க சொன்னது அப்படியே பரவிடுச்சு. பாதிப் பேரு ரெண்டாவது தடவை வந்ததே அதைச் சரிபாக்கத்தான். நீங்களும் பேட்டியில என்ன சொன்னீங்க? அது வந்து... நான்... வேணும்னே வச்ச துப்புதான். கோவிச்சுக்காதீங்க, தலையைத் தடவிக்கிட்டே சொன்னீங்களா, அதையும் சேர்த்துப் பண்ணிட்டேன்.

ஆனா நீங்க வைக்கல. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன்ல மிரட்டுறவனுக்குக் குரல் குடுத்தது நான். யாருக்கும் பிடிபடாத ஒரு குரல் வேணும்டான்னு நீங்கதான் கேட்டீங்க. அப்பா, பிள்ளை, குரல் ஒத்துப்போச்சுன்னு நினைச்சீங்க, இல்ல?

முந்தாநாள் ஒரு அம்மா வந்தாங்க. இருபது வருஷமா ரயில்வே விசாரணையில போன் எடுக்கிறவங்க. நிறுத்தி நிறுத்திப் பேசுவாங்க. ரெண்டு பேருமே... பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி... சின்னதா மூச்சை இழுத்துப் பிடிக்கிறாங்க. இது ஒத்துப்போன குரல் இல்ல தம்பி. ஒரே தொண்டை. அந்தக் குரலை மட்டும் வீட்டுல வந்து பண்ணிக் காட்டல.

ஆமா, மறுபடியும் சத்தம். பூனைதான். இல்ல இல்ல, நீங்க எழுந்திரிக்காதீங்க, அது கடிக்கும்.

இப்போ ரெண்டாம் பாகத்துல வாட்ச்மேன்தான் எல்லாமே, இல்ல? படம் பூரா பேசுறாரு. அதுவும் இந்தத் தடவை டப்பிங் கிடையாது, நடிக்கிற இடத்துலயே மைக்கு. நீங்க ஞாயித்துக்கிழமை போன்ல சொன்னதும் அப்பா உடனே ஒத்துக்கிட்டாருல்ல? எப்படிச் சொன்னாரு? சார்... நீங்க கூப்பிட்டா எங்க வேணா வந்து நிக்கிறேன் சார். இப்படியா?

அப்படிப் பாக்காதீங்க சார்.

படப்பிடிப்பு முடிஞ்ச மூணாவது வாரம் அவருக்குத் தொண்டையில ஆபரேஷன். சின்னக் கட்டின்னுதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. கட்டியோட சேர்த்துக் குரலையும் எடுத்துட்டுத்தான் அனுப்பினாங்க. அப்போ பாத்து நீங்க, ஸ்டுடியோவுக்கெல்லாம் வழியில்ல, ஆளாளுக்கு வீட்டுல போர்வையைப் போத்திக்கிட்டு வசனத்தைப் போன்ல பேசி அனுப்புங்கன்னீங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள உட்கார்ந்தோம். அவரு உதட்டை அசைப்பாரு, என் முட்டியில விரலால தட்டுவாரு. அந்தத் தட்டு விழுற இடத்துல நான் பேசணும். தட்டு விழுற வரைக்கும் மூச்சைப் பிடிச்சு வச்சிருப்பேன். அந்தப் பழக்கம்தான் சார், அதுக்கப்புறம் பேசின மிரட்டல்காரனுக்கும் ஒட்டிக்கிச்சு. துப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல.

போர்வைக்குள்ள பேசினது அப்பாவுக்குத் தெரிஞ்சு பண்ணினது. ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட போன்ல பேசினது தெரியாம. நீங்க கூப்பிட்டப்போ விளையாட்டாத்தான் அவரு குரல்ல ஹலோன்னேன். நீங்க அடுத்த படம்னுட்டீங்க. ஊருல இருக்கிற அத்தனை பேரு குரலும் எனக்கு வரும் சார். அப்பா குரல்ல வேண்டாம்னு சொல்ல மட்டும் வரல. அம்மா ஒரே போடா போட்டுட்டாங்க, இன்னிக்கு டைரக்டர் வந்ததும் நீயே சொல்ற, இல்லேன்னா நான் சொல்லுவேன்னு. காலையிலதான் அப்பாகிட்டயும் சொன்னேன். திட்டுவாருன்னு பாத்தேன். போய் ஷேவ் பண்ணிக்கிட்டாரு. நீங்க படத்துல குடுத்த காக்கிச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாரு. குளிக்கல சார், அந்தச் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாடிதான் உட்கார்ந்திருக்காரு.

எல்லாரும் குரலைத்தான் புகழ்றாங்க. அதைக் கேக்கிறப்போ அவரு மூஞ்சி எப்படிப் போகும்னு நான்தான் பாக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லட்டா? அவரு கேட்டைச் சாத்திட்டுத் திரும்பி ஒரு பார்வை பாப்பாரே, அங்கதான் தியேட்டரே கப்சிப்னு ஆகுது. சைக்கிள் ஸ்டாண்டு பெரியவர்கூட வாயைத் திறக்கல. அங்க ஒரு வசனம்கூடக் கிடையாது. அந்தப் பார்வை என்னுது இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு எத்தனையோ தடவை பண்ணிப் பாத்துட்டேன், வரவே மாட்டேங்குது.

சார், ரெண்டாம் பாகத்துல அந்த வாட்ச்மேன் பேசியே ஆகணுமா?

எங்க வீட்டுல பூனையெல்லாம் இல்ல. அப்பாதான், ஸ்பூனால டம்ளர்ல தட்டுறாரு. ஒண்ணுன்னா தண்ணி. ரெண்டுன்னா இங்க வா. இருங்க... கேட்டுதா? மூணு.

மூணுன்னா, நீ வாயை மூடு, நான் பாத்துக்கறேன்னு அர்த்தம்.