பிரேக் மிதிக்கும் அப்பாவும் மேடைக்கு வரும் மகளும்

தலைமை ஏற்றிருக்கும் நடனத் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே! எனக்கு ஐந்து நிமிடம் தந்து, அதில் இரண்டை அறிமுகத்திலேயே தின்றுவிட்ட தொகுப்பாளர் அவர்களே! ஆட்டம் பார்க்க வந்து என் பேச்சில் மாட்டிக்கொண்ட பெரியோர்களே! பிள்ளைகளின் கால் வலிக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்துத் தம் கை வலியை மறந்துபோன தாய்மார்களே! திரைக்குப் பின்னால் "இவன் எப்போது இறங்குவான்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் புதிய பட்டதாரிகளே! அனைவருக்கும் வணக்கம்.

நான் லிப்ட் பொறியாளன். பட்டனை அழுத்தினால் மேலே போக வேண்டும். போகாவிட்டால் ஏன் என்று கேட்டுப் பழகியவன். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது. இன்று ஆடப்போகிறவர்களில் ஒருத்தி என் தங்கை. அவளுக்கு இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று, ஊர் ஊராகச் சென்று ஆடும் நடனக் குழுவில். மற்றது, மாமா பிடித்துக்கொடுத்த காப்பீட்டு அலுவலகத்தில். நிகழ்ச்சி முடிந்ததும் இரு இடத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். "அப்பா வாயத் திறந்து சரின்னாத்தான் குழுவுக்குப் போவேன். இல்லேன்னா மாமா ஆபீஸ்தான்" என்று காலையில் சொல்லிவிட்டாள். அப்பா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அதோ, முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். உற்றுப் பார்க்காதீர்கள், முறைப்பார்.

ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகையை வீட்டுக்குள்ளும் மாட்டிக்கொண்டவர்! மகள் நடனம் படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து 'நடனம்' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வந்ததே இல்லை. மேல்வீட்டுக்காரர் விடாமல் கேட்பார்.

"பொண்ணு என்ன சார் படிக்கிறா?"

"யுனிவர்சிட்டில படிக்கிறா."

"அது சரி, என்ன படிப்பு?"

"நாலு வருசப் படிப்பு."

"அதில்ல சார், என்ன பாடம்?"

"எல்லாப் பாடமும்தான்!"

சிரிக்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன பதில் சொல்கிறீர்களாம்? இவர்கள் படித்தது என்ன? எலும்பைப் படித்தார்கள், இசையைப் படித்தார்கள், ஒளியைப் படித்தார்கள். சுழலும்போது உடலின் எடை எங்கே நிற்கிறது என்று தங்கை கேட்ட கேள்விக்கு, நான் என் பழைய பாடப்புத்தகத்தைத் தேடி ஓடினேன்!

சென்ற மாதம் அவளை அழைத்துவர அப்பா ஒத்திகைக் கூடத்துக்குப் போனார். கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். இசை ஓடுகிறது, ஒருவரும் தாவவில்லை, ஒருவரும் சுழலவில்லை. விரலை மட்டும் அசைத்துக்கொண்டு நடக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கடைத்தெருவுல துணி பாக்குற மாதிரி நடக்குதுங்கடா. உன் தங்கச்சிக்கு அது வரலைடா. வராதத வச்சுக்கிட்டு எப்படிடா பொழைப்பா?"

அவையோரே, அது உடம்பைச் சேமிக்கும் ஒத்திகை! பாதம் செய்ய வேண்டியதை விரல் செய்து பார்க்கும். விரல் சுழன்றால் அது சுழற்சி. உள்ளங்கை எழுந்தால் அது தாவல். பகலெல்லாம் முழுமூச்சாக ஆடினால் மாலை மேடைக்கு முழங்கால் மிஞ்சாது. இதைச் சொன்னால், "கை எப்படிடா காலாகும்?" என்கிறார்.

அப்பா, உங்களையே கேட்கிறேன். காரை ஓட்டுவது யார்? நான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்? நீங்கள். முன்னால் லாரி நின்றால் பிரேக் மிதிப்பது யார்? நாம் இரண்டு பேரும்! உங்கள் காலடியில் பிரேக்கா இருக்கிறது? ரப்பர் விரிப்புதான் இருக்கிறது. அதுவும் ஓட்டையாகிவிட்டது, போன வாரம்தான் மாற்றினேன்! அது வேலை தெரியாத காலா? வேலை ஊறிப்போன கால். அவள் விரலும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையில் உங்கள் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தாள். நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நடனம் சோறு போடுமா என்கிறார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமா. பொறியியல் போடுகிறதா? என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் காப்பீடு விற்கிறார்கள், அதுவும் மாமா ஆபீஸில்! என்ன மாமா, திடீரென்று இருமல்?

குழுவில் சம்பளம் குறைவுதான். முழங்காலுக்கு உத்தரவாதம் கிடையாதுதான். என் லிப்டுக்கே நான் ஓராண்டுதான் தருகிறேன்! ஆனால் அவளுக்கு விழத் தெரியும். விழுந்து எழத் தெரியும். விழுந்ததே தெரியாமல் எழத் தெரியும். அதற்கும் ஒரு பாடம் உண்டு, அதற்கும் ஒரு பரீட்சை உண்டு, அதில் அவள்தான் முதல்! எந்த அலுவலகத்து நாற்காலி இதைக் கற்றுத்தரும்?

சொல்லுங்கள் அப்பா. தலைவர் அம்மையார் மணி அடிக்கிறார், அடிக்கட்டும். நீங்கள் பேசாமல் நான் இறங்கப்போவதில்லை. என்ன? எழுந்துவிட்டீர்களா? முணுமுணுத்தால் பின்வரிசைக்குக் கேட்காதே!

"டேய், போதும், இறங்குடா கீழ! புள்ள உள்ள எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருக்கும்? அவ ஆடணும்!"

இன்றைக்கு மட்டுமா அப்பா?

"எந்த ஊர்ல வேணாலும் ஆடட்டும்! நீ மொதல்ல இறங்கு!"

கேட்டீர்களா சபையோரே? தங்கச்சி, உனக்குக் கேட்டதா? திரை குலுங்குகிறது; கேட்டுவிட்டது! மாமா, அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பாருங்கள்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பொறுமை இழந்து கத்திய என் அப்பாவுக்கும் நன்றி. இதோ இறங்கிவிட்டேன். விளக்கைப் போடுங்கள், அவள் வரட்டும். வணக்கம்!