யாரும் பதில் சொல்லக்கூடாது

இல்ல டாக்டரம்மா, வேற நாள் குடுக்க வேணாம். என் தம்பி இனிமே வர மாட்டான். நல்லாயிட்டான். அதை நேர்ல சொல்லிட்டுப் போலாம்னுதான் நான் வந்தேன். இன்னிக்குப் பத்தரை மணிக்கு அவனை வரச் சொல்லியிருந்தீங்கல்ல, அந்த நேரத்தை வேற யாருக்காவது குடுங்க. வெளியில எத்தனை பேரு உக்காந்திருக்காங்க, பாவம். எல்லாரும் பட்டாளத்துல இருந்துட்டு வந்தவங்கதானே? ஒருத்தர் செவுத்தைப் பாத்தே உக்காந்திருக்காரு. கதவு சாத்துற சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடுது அவருக்கு. என் தம்பியும் மூணு வருஷமா அப்படித்தான் இருந்தான்.

உக்காரணுமா? சரி, ரெண்டே நிமிஷம். தையல் கம்பெனியில ஒரு மணி நேரம்தான் பர்மிஷன் குடுத்திருக்காங்க. லேட்டாப் போனா எங்க சூப்பர்வைசர் மூஞ்சி கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைச்சுக்கும்.

எப்பலேருந்தா? ஒரு வாரம் இருக்கும். போன புதன்கிழமை நினைவுத்தூணுக்குப் போய்ட்டு வந்தான். நான் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், அந்தப் பக்கமே திரும்பாதவன், தானாப் போனான். அந்த ஆறு பேரோட பேரு அதுலதானே செதுக்கியிருக்கு. உங்ககிட்ட சொல்லியிருப்பானே. ஒரே வண்டியில போன ஏழு பேரு. பின் டயர்ல என்னமோ சத்தம்னு இவன் மட்டும் இறங்கிப் பாத்திருக்கான். ஒண்ணுமில்ல, கொஞ்சம் முன்னாடி எடுன்னு கை காட்டினவனும் இவன்தான். வண்டி பத்தடி கூடப் போகல, கண்ணிவெடி வெடிச்சிருச்சு.

ஆனா அன்னிக்குத் தூணைப் பாத்துட்டு வந்தவன் ரொம்பத் தெளிவாப் பேசினான். அவங்க பேருக்குக் கீழே இன்னும் நாலு விரல் இடம் இருக்குக்கான்னான். கையை வச்சு அளந்து பாத்தானாம்! சின்னப் புள்ள மாதிரி இது என்னடா வேலைன்னு நான் சிரிச்சேன்.

ஏன், எழுதுறதை நிறுத்திட்டீங்க?

அப்புறம் பாருங்க, ராப்பூரா கூடத்துல நடந்துக்கிட்டே இருந்தவன் இப்ப அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான். தட்டுல போட்டதை மிச்சம் வைக்கிறதில்ல. பட்டாளத்துலேருந்து கொண்டுவந்த அந்த இரும்புப் பெட்டி, தொட்டாலே கத்துவான், அதையும் அவனே காலி பண்ணி வச்சுட்டான். அதுல இருந்த கைக்கடிகாரத்தை எடுத்து எதிர்வீட்டுத் தச்சருக்குக் குடுத்துட்டான். நல்லா ஓடுற கடிகாரம்! ஏண்டா குடுத்தேன்னா, இனிமே எனக்கு எதுக்குக்கா நேரம் பாக்கணும்ங்கிறான். ஆறு குடும்பத்தோட விலாசத்தையும் அழகா எழுதிக் குடுத்து, வருஷா வருஷம் நீ ஒரு கடுதாசி போட்டுடுக்கான்னான். ஏன், துரைக்குக் கை முறிஞ்சு போச்சான்னு கேட்டேன். சிரிச்சான் டாக்டரம்மா. அவன் சிரிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?

என்ன, அப்படிப் பாக்குறீங்க?

இப்பவா? இப்ப வீட்ல இல்லையே. காலையிலேயே குளிச்சு, முகம் மழிச்சு, பழைய யூனிஃபார்மை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். ஒரு பொத்தான் விட்டுப்போயிருந்துச்சு, நான்தான் தச்சுக் குடுத்தேன். எங்கே போவான், தூணுக்குத்தான். நாளைக்கு அங்க மரியாதை செலுத்துற விழா இருக்குல்ல, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போய் அவங்ககூட இருக்கேன்னான். முக்கால் மணி நேரம் ஆயிருக்கும். செல்போனா? மேசை மேலயே வச்சுட்டுப் போய்ட்டான், மறதிக்காரன்.

யாரைக் கூப்பிடுறீங்க? வண்டி எதுக்கு? ரயில்வே கேட்டைத் தாண்டி இடது பக்கம், பெரிய தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி. நடந்துதான் போனான். அவனுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. பேர் கூப்பிடுறதைக்கூட விடாம முடிச்சுட்டுத்தான் போனான்.

அதை உங்ககிட்ட சொல்லலையா? தினம் காலையில ஆறு மணிக்கு மொட்டை மாடியில, துணிக்கொடிக்குப் பக்கத்துல விறைப்பா நின்னுக்கிட்டு அந்த ஆறு பேரையும் கூப்பிடுவான். ஒவ்வொரு பேரையும் மூணு தடவை. முதல் நாள் நான் விவரம் தெரியாம, பள்ளிக்கூடத்துல சொல்ற மாதிரி உள்ளேன் ஐயான்னு சொல்லித் தொலைச்சுட்டேன். ரெண்டு நாள் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அப்புறம் அவனே சொல்லிக் குடுத்தான். உயிரோட இருக்கிறவன் பேரைக் கூப்பிட்டா பதில் வரணும்க்கா. போனவங்க பேரைக் கூப்பிட்டா யாரும் பதில் சொல்லக்கூடாது, தலையைக் குனிஞ்சு நிக்கணும், அதான் அவங்களுக்கு நாம குடுக்குற மரியாதைன்னான். அன்னிலேருந்து நானும் பக்கத்துல நிப்பேன். மூச்சு விடுற சத்தம்கூட வராது.

இருங்க, நானும் வரேன், செருப்பை மாட்டிக்கிறேன். ஏன் இப்படி ஓடுறீங்க?

இன்னிக்கா? இன்னிக்கு ஆறு இல்ல, ஏழு பேரு கூப்பிட்டான். கடைசியா அவன் பேரு. அதையும் மூணு தடவை. கூப்பிட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னான். நான் வாயைத் திறக்கல டாக்டரம்மா. தலையைக் குனிஞ்சுதான் நின்னேன். சரியா நின்னேக்கான்னு என் தோள்ல தட்டிட்டு இறங்கிப் போனான்.