பாட்டு முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது

இந்த ஃபேனுக்கு பேரிங் போய்விட்டது ஐயா. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும். குறையாகச் சொல்லவில்லை. மைக்செட் தொழில் பார்ப்பவனுக்கு எங்கே உட்கார்ந்தாலும் காது முதலில் அதைத்தான் பிடிக்கும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் மகாராஜன். சங்கரன்கோவிலில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, சாவு விழுந்த துஷ்டி வீடு என்று எதுவானாலும் என் குழாய் ஸ்பீக்கர்தான் பாடும். ஐம்பது வயது தாண்டும் வரை ஊர் கேட்ட பாட்டைத்தான் நானும் கேட்டேன். போன ஆடித்தபசுக்குப் புதிதாக பேஸ் பாக்ஸ் வாங்கினேன். அதைச் சோதித்துப் பார்க்க, அபுதாபியில் வேலை பார்த்துத் திரும்பிய செல்போன் கடை சுலைமான் பாய் ஒரு மெமரி கார்டு தந்தார்.

"அபுதாபில எங்க இன்ஜினீயர் கேப்பாரு வே. ராக் மியூசிக்கு. இதைத் தாங்குச்சுன்னா உம்ம பாக்ஸு எதையும் தாங்கும்" என்றார்.

பாடியது யாரோ நாலு பேர். ஊர் தெரியாது, ஏதோ குளிர்ப் பிரதேசம் என்று தோன்றியது. ஒரே பாட்டு இருபது நிமிடம். முதலில் கிட்டார் மட்டும் தன்னந்தனியாக அழுதுகொண்டே போகும். பாதிக்கு மேல், சரி, இனி ஒன்றுமில்லை என்று நாம் நினைக்கும்போது டிரம்ஸ் இறங்கும். அது இறங்கியபோது நான் பாக்ஸ் மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. இத்தனை வருஷம் இதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது.

நல்ல சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட மனசு வராது இல்லையா, பாட்டும் அப்படித்தான். என்னோடு உட்கார்ந்து யாராவது அதை முழுசாகக் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். மேலநீலிதநல்லூரில் ஒரு காதுகுத்தில் போட்டேன். தாய்மாமன் ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

"ஏலே, கிரைண்டர்ல கல்லு சிக்கிட்டா? காது குத்துததுக்கு முன்னாடியே பிள்ள அழுதுல்லா."

வீட்டில் போட்டேன். என் சம்சாரம் இசக்கிசெல்வி, "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போனவள் திரும்பவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் யாரையும் திட்டவில்லை. டிரம்ஸ் வரும்வரை பொறுமை இல்லை, பாவம்.

பிறகு ராயகிரியில் ஒரு துஷ்டி வீட்டில் கைதவறி அந்தக் கார்டைப் போட்டுவிட்டேன். வைவார்கள் என்று பயந்தேன். கிட்டார் ஆரம்பித்ததும் பெண்கள் கட்டிப்பிடித்துக் கதறினார்கள். புது மாதிரி ஒப்பாரி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு பெத்த பிள்ளையோ, நெஞ்சப் போட்டு அறுக்கானே" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாண வீட்டில் பந்திக்கு ஓடிவிடுவார்கள். துஷ்டி வீட்டில் பிரேதத்தை எடுக்கும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் இறந்தவரின் பிள்ளைகள் எல்லாரும் உள்ளூர் என்பதால் அன்றைக்குச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். டிரம்ஸ் வரவே இல்லை.

ஆக, பாட்டு முடிய வேண்டுமென்றால் எடுக்கத் தாமதமாக வேண்டும். அதற்கு மகன் தூர தேசத்தில் இருக்க வேண்டும். சுலைமான் பாயை நான் நினைக்கவே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டில் மைக்செட் கிடையாது, அடக்கமும் சீக்கிரம் நடக்கும். தறி முதலாளி மூக்காண்டி அண்ணாச்சிக்கு மகன் கனடாவில்.

அண்ணாச்சி மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. தீபாவளி தவறாமல் வேட்டி எடுத்துத் தருவார். தானாக நடக்கட்டும் என்று கொஞ்ச காலம் பொறுத்தேன். மனுஷன் கல்லுமாதிரி இருந்தார். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவர் வீட்டு மோட்டாருக்கு எர்த் கம்பி இழுத்தது நான். கழற்றியதும் நான்தான். அடுத்துச் செய்ய வேண்டிய வேலையையும் பொறுமையாகச் செய்தேன். காலையில் அவரே போய் மோட்டாரைத் தொட்டார்.

ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. மகன் வந்துசேர மறுநாள் ஆகும் என்றார்கள். மைக்செட்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் நாற்காலிகளை எல்லாம் ஸ்பீக்கரைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். தெருவே வந்து உட்கார்ந்தது. டிரம்ஸ் இறங்கியது. ஒருத்தர் அசையவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் கிடையாது.

பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி சம்சாரம் சுப்புத்தாய் மதினி என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா, இந்தப் பாட்டுதான் அவுகளுக்கு உசுருன்னு உனக்கு யாருப்பா சொன்னா? ராயகிரி துஷ்டில கேட்டுட்டு வந்து, சுலைமான் பாய்ட்ட போன்ல ஏத்துனாக. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவர்ட்ட சத்தியம் வாங்கிட்டாக. தினமும் காருக்குள்ள கதவச் சாத்திட்டு முழுசாக் கேப்பாக. உன்னைக் கூப்பிட்டுச் சேந்து கேக்கணும்னு அம்புட்டு ஆசை. இந்த வயசுல இது என்ன கூத்துன்னு நீ சிரிச்சிருவியோன்னு வெக்கப்பட்டுட்டே இருந்துட்டாக."

அதன்பிறகு மறுநாள் வரை குழாய் பாடியது. என் காதில் ஒன்றும் விழவில்லை. மகன் வந்தார், எடுத்தார்கள். நான் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு நேராக இங்கே வந்தேன். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை, அது உங்களுக்கே தெரியும். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் பழி முழுவதையும் என் தலையில் போடுவது நியாயமில்லை ஐயா. அண்ணாச்சி என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு பேருமாகச் சேர்ந்து வேறு யாரையாவது பார்த்திருப்போம்.