லெட்சுமியின் மூக்கு

லெட்சுமி அம்மாள் கோபிப்பாளோ என்று இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். சண்டைக்காலத்தில், நாவற்குடாவில் சோதனைச்சாவடி வரிசையில், உச்சிவெயிலில் நின்று கேட்டது.

“சுருட்டாதீங்க முதலாளி, லெட்சுமிட மூக்கு இன்னும் காயல்ல!” புதுக் கடைவாசலுக்குக் கட்டும் படங்குத் துணியில் கடைப்பேரும் லெட்சுமி படமும் எழுதிய பெயின்டர் பதறினார்.

“ரெண்டு மணிக்குக் கடை திறக்கோணும் மனே. விரிச்சபடி எப்பிடிப் போற?”

“சுருட்டினா மூக்கு கடைப்பேரில ஒட்டிரும்.”

“அப்ப தலைக்கு மேல புடி.”

நிழல் விழுந்ததும் வரிசையே உள்ளே புகுந்து ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்தது. ஆமிக்காரனும் நிழலுக்குள் வந்துதான் அடையாள அட்டைகளைப் பார்த்தான்.

சாவடியைத் தாண்டியதும் முதலாளி கேட்டார்: “மூக்கு காஞ்சிட்டா?”

“ஓம். கடை திறக்க முதலே லெட்சுமி சனத்தையும் சேத்திட்டா.”

பிறருக்குச் சொல்பவர்கள் கேட்டபடியே சொல்லுங்கள். அந்த மூக்குக்கு ஒரு மூக்குத்திகூடச் சேர்க்க வேண்டாம்.